ஹைதராபாத்தில் வாங்கிய வாள், ‘அஸதுல்லா’ கையெழுத்து: பார்த்துச் சொல்லுங்கள்

பீளமேடு லேத் | செப்டம்பர் 14, இரவு 10.42

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது முதல் பதிவு.

போன மாதம் ஒரு மெஷின் பார்க்க ஹைதராபாத் போனேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. சார்மினார் பக்கம் சுற்றியதில் ஒரு பழம்பொருள் கடையில் மாட்டிக்கொண்டேன். வாள் ஒன்று வாங்கியாயிற்று. விலை 85,000. வீட்டில் 15,000 என்று சொல்லியிருக்கிறேன், தயவுசெய்து யாரும் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

அளவு எடுத்தேன், அது எனக்குக் கைவந்த வேலை. அலகு மட்டும் 79 செ.மீ. பிடிக்குப் பக்கத்தில் முதுகு 5 மி.மீ., நுனியில் 2-க்கும் கீழே. மொத்த எடை 870 கிராம். பிடியிலிருந்து நுனிக்கு நூல் பிடித்தால் நடுவில் 8 செ.மீ. விலகுகிறது, அவ்வளவு வளைவு. பிடி இரும்பு, தலையில் தட்டு மாதிரி ஒரு வட்டம். என் கை அதற்குள் நுழையவே இல்லை. நான்கு விரலில் மூன்றுதான் போகிறது.

அலகின் ஒரு பக்கம் சின்னக் கட்டத்துக்குள் தங்கத்தில் அரபு எழுத்து. “அஸதுல்லா இஸ்ஃபஹானி, பாரசீக அரசர் ஷா அப்பாஸின் ஆஸ்தானக் கொல்லர், 400 வருஷப் பழசு” என்றார் கடைக்காரர். அலகு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. அசல்தானா?

பழைய இரும்பு | செப்டம்பர் 15, காலை 6.10

தம்பி, தங்க எழுத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதைக் கடைசியில் படிக்கலாம். கையெழுத்து இல்லாமல் இந்த வாளை வாங்கியிருப்பீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

அலகின் அளவு எல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. இவ்வளவு வளைவு, நுனி நோக்கி இப்படி இளைத்துப்போவது, நடுவில் பள்ளம் எதுவும் இல்லாதது, இதெல்லாம் பாரசீக ஷம்ஷீர் வகை. பிடி மட்டும் இந்தியத் தல்வார். இப்படிக் கலந்து வருவது ஒன்றும் தப்பில்லை. பாரசீக அலகு இங்கே நிறைய வந்தது, அந்த மாதிரியில் இங்கேயும் அடித்தார்கள். கை நுழையாததற்கும் பயப்பட வேண்டாம். ஆள்காட்டி விரலைக் குறுக்குக்கட்டைக்கு வெளியே, அலகின் மேல் மடித்துப் பிடித்துப் பாருங்கள், அப்போது சரியாக உட்காரும்.

எனக்குக் கவலை தந்தது உங்களுக்குப் பெருமை தந்த வரிதான். 300 வருஷ அலகு கண்ணாடி மாதிரி இருக்காது. யாரோ பாலிஷ் போடும் பஃபிங் வீலில் பிடித்திருக்கிறார்கள். பிடித்ததில் என்ன போனது என்று தெரிய வேண்டும். விளக்கைச் சாய்த்து வைத்து, பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு ஒரு படம் போடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம்.

பீளமேடு லேத் | செப்டம்பர் 15, இரவு 9.05

அண்ணே, விரலை வெளியே மடித்ததும் சட்டென்று பொருந்திவிட்டது! கை தானாகவே வாளைக் கொஞ்சம் சாய்க்கிறது.

படம் மூன்று இணைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் இரும்பு மாதிரிதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பாலிஷ் போட்டால் ஏதாவது தெரியுமா? பட்டறையில் வீல் இருக்கிறது.

பழைய இரும்பு | செப்டம்பர் 15, இரவு 9.07

வேண்டாம். வீல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

காயல் மரைக்காயர் | செப்டம்பர் 15, இரவு 11.30

எங்கள் ஊரில் பாட்டன் காலம் வரை அரபு எழுத்தில் தமிழ் எழுதிக்கொண்டிருந்தார்கள், அர்வி என்போம். அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கட்டத்தில் இருப்பது “அமலே அஸதுல்லாஹ் இஸ்ஃபஹானி”. ‘இஸ்ஃபஹான்காரர் அஸதுல்லாவின் வேலை’ என்று பொருள். பாரசீகச் சொற்றொடர், அரபு அல்ல.

ஆனால் பாய் கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. ‘ஃபே’ எழுத்துக்கு மேலே புள்ளி இல்லை. ‘அஸத்’தின் கடைசி எழுத்து பக்கத்து எழுத்தோடு ஒட்டியிருக்கிறது, அது ஒட்டக்கூடாத எழுத்து. பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் உஸ்தாத் காதைத் திருகுவார். எழுதத் தெரிந்தவர் வெட்டியதல்ல. இன்னொருவர் எழுதியதைப் பார்த்து வரைந்தவர் வேலை என்று தோன்றுகிறது.

பழைய இரும்பு | செப்டம்பர் 16, காலை 6.25

பாய் சொன்னது முக்கியம். இனி எழுத்துக்கே வருவோம்.

ஷா அப்பாஸ் ஆண்டது 1588 முதல் 1629 வரை. அஸதுல்லா பெயரில் வரும் அலகுகளில் பொறித்திருக்கும் வருஷங்களை வரிசையாக வைத்தால் நூறு வருஷத்துக்கு மேல் போகிறது. ஒரு மனிதன் அவ்வளவு காலம் சம்மட்டி பிடிக்க முடியாது. அப்பா, பிள்ளை, சிஷ்யன் என்று கொஞ்சம் இருந்திருக்கலாம். மிச்சமெல்லாம், பேருந்து நிலையத்தைச் சுற்றி எத்தனை அல்வாக் கடையில் ‘ஒரிஜினல்’ போர்டு தொங்குகிறதோ அந்தக் கதை. தரமான அலகு என்பதற்கான முத்திரையாகவே அந்தப் பெயர் ஆகிவிட்டது. இந்தியாவில் அடித்த தல்வாரிலும் போட்டார்கள். கூடவே “பந்தேயே ஷாஹே விலாயத் அப்பாஸ்” என்று இன்னொரு கட்டம் வரும். ‘விலாயத்தின் அரசருக்கு அடிமை அப்பாஸ்’ என்று அர்த்தம். அந்த அரசர் நபிகளின் மருமகன் ஹஸ்ரத் அலி. இரண்டு கட்டமும் இருந்தால் விற்பவர் விலையை இரட்டிப்பாக்குவார்.

சில அலகுகளில் நான்கு அறை போட்ட சின்னச் சதுரம் இருக்கும், 2, 4, 6, 8 என்று எண்களோ அவற்றுக்குரிய எழுத்துகளோ. ‘புதூஹ்’ என்று படிப்பார்கள். காப்புத் தகடு மாதிரி, வாளுக்குக் கட்டிய தாயத்து. உங்களுடையதில் அது இல்லை.

தங்கம் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பட்டறைக்காரர் என்றால் 10 மடங்கு லென்ஸ் வைத்திருப்பீர்கள். வாய்க்கால் வெட்டி அதற்குள் கம்பியை இறக்கி அடித்திருந்தால் தங்கம் தேய்ந்த இடத்தில் பள்ளம் தெரியும். மேற்பரப்பை மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பில் தங்கத்தைத் தட்டி ஒட்டியிருந்தால் பாய் முடைந்த மாதிரி கீறல் தெரியும். பின்னதுதான் கோஃப்த்கரி. 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சாபில் சியால்கோட், குஜ்ராத் பக்கம் அமோகமாக நடந்த தொழில். இந்தக் குஜ்ராத் பஞ்சாபில் இருக்கும் ஊர், நம் குஜராத் மாநிலம் இல்லை. கோஃப்த்கரி என்பதற்காகவே போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய அலகில் புதுப்பெயர் ஏற்ற அதைவிடச் சுலப வழி கிடையாது.

மஸ்கட் சாரதி | செப்டம்பர் 16, மாலை 4.15

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஓமானில் 14 வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். மஸ்கட்டின் மத்ரா சந்தையில் வெள்ளி உறை போட்ட கஞ்சர், அதாவது வளைந்த குத்துவாள், தொங்காத கடையே இல்லை. ஒன்று வாங்கி மாமனாருக்குப் பரிசாகக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அலகு வெறும் தகடு, பட்டறையில் உட்கார்ந்து செய்தவர் நம் நாட்டுக்காரர். இந்தியப் பரிசை இந்தியாவுக்கே சுமந்து போயிருக்கிறேன். மாமனார் இன்றுவரை கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார், நான் வாயே திறக்கவில்லை.

பழைய ஓமானி கஞ்சர், ஏமன் ஜம்பியா வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். விலை அலகில் இல்லை, பிடியில். காண்டாமிருகக் கொம்புப் பிடி என்றால் கிழவர்கள் கண் விரியும். அந்தக் கொம்பின் சர்வதேச வியாபாரம் 1977-இலேயே தடை செய்யப்பட்டது. வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாம் என்று கனவு காணாதீர்கள்.

எழும்பூர் நடை | செப்டம்பர் 17, காலை 11.50

நாம் பேசும் இந்த மன்றப் பகுதிக்கு வைத்திருக்கும் ‘இஸ்லாமிய ஆயுதம்’ என்ற தலைப்பே எனக்குச் சரியாகப் படவில்லை. தல்வாரை ராஜபுத்திரரும் மராத்தியரும் சீக்கியரும் பிடித்தார்கள். கட்டாரி யாருடையது? எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். பிடியில் யாளியும் கிளியும், அலகு பல இடங்களில் ஐரோப்பியச் சரக்கு. அதற்கு ஃபிரங்கி என்றே பெயர். இதையெல்லாம் ஒரு மதத்தின் பெயரில் எப்படிக் கட்டுவது?

காயல் மரைக்காயர் | செப்டம்பர் 17, பிற்பகல் 1.40

பாத்திஹா ஓதியா வாள் அடித்தார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே வைப்பது என்று ஒரு அலமாரிப் பெயர் வேண்டுமல்லவா? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறார்கள். துருக்கிக் கிலிஜ், பாரசீக ஷம்ஷீர், முகலாயத் தல்வார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் தொடர்ச்சிக்குத்தான் பெயர். ஜாதிச் சான்றிதழ் இல்லை.

பழைய இரும்பு | செப்டம்பர் 17, இரவு 8.20

இரண்டு பேருமே சரி. நான் இரும்பை மட்டும் பார்ப்பவன். அந்த வாள்களின் உயர்ந்த ரகத்துக்கு இரும்பு போனது எங்கிருந்து? இன்றைய தெலங்கானாவில் கோனசமுத்திரம் என்ற ஊர். பாரசீக வியாபாரிகள் அங்கேயே வந்து உருக்குக் கட்டிகளை வாங்கிப் போனார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே, பாரசீகர் நீரோட்டம், அதாவது அலகில் தண்ணீர் ஓடுவது மாதிரி வரி, எடுப்பதற்கு கோல்கொண்டா எஃகுதான் உதவும் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் வூட்ஸ் என்று போன சொல், கன்னட உக்கு, நம் உருக்கு, எல்லாம் ஒரே குடும்பம்.

சேலம், மைசூர்ப் பக்கம் செய்த முறையை வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். குகை என்கிற சின்னக் களிமண் பாத்திரத்தில் இரும்புத் துண்டைப் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை மூடி, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைப்பது. கரி இரும்பில் ஏறி எஃகாகிவிடும். கட்டி ஆறியதும் ஒரு கைக்குள் அடங்கும் அளவு. அதைச் சூடு அதிகமாகாமல் மெல்லத் தட்டித் தட்டி அலகாக்கினால் உள்ளே படிந்திருக்கும் கரியின் வரிகள் தண்ணீர் ஓடுவது மாதிரி வரும். அதுதான் ஜவ்ஹர். விஞ்ஞானி ஃபாரடே 1820 வாக்கில் லண்டனில் இதே எஃகை வைத்து மல்லுக்கட்டினார். கலந்திருக்கும் கொஞ்சூண்டு வனேடியம் போன்ற உலோகங்கள்தான் அந்த வரிகளை அணிவகுக்க வைக்கின்றன என்பது 1990-களில்தான் தெளிவானது.

பலாங்கொடை | செப்டம்பர் 18, காலை 7.00

அண்ணே, எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-கிந்தி என்ற அறிஞர் வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ‘சரந்தீபி’ என்று ஒரு ரகம் வருகிறது. சரந்தீப் எங்கள் இலங்கைதான். நான் இருக்கிற இடத்திலிருந்து சமனலவெவ பக்கம்தான். மலைச்சரிவில் வரிசையாக உலைகள் தோண்டியெடுத்தார்கள். துருத்தி இல்லை, பருவக்காற்றே ஊதிக்கொடுத்திருக்கிறது. ஆடி மாதம் அந்தச் சரிவில் நின்றால் நம்பச் சிரமமில்லை, குடை நிற்காது.

வக்கீல் குமாஸ்தா | செப்டம்பர் 18, இரவு 9.45

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1972 தொல்பொருள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. 100 வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை நாட்டை விட்டுத் தனியார் வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டு அண்ணாவுக்குப் பார்சல், ஏலத்துக்கு அனுப்புவது, எதுவும் நடக்காது. வாளுக்கு உரிமம் பற்றிக் கேட்டால், 1959 ஆயுதச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி அரசு அறிவித்த பகுதிகளில்தான் கூரான ஆயுதத்துக்கு உரிமம் கட்டாயம். உங்கள் பகுதி எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ரசீது வாங்கினீர்களா?

பீளமேடு லேத் | செப்டம்பர் 18, இரவு 10.02

ரசீது இருக்கிறது சார். ‘அலங்காரப் பொருள்’ என்று போட்டிருக்கிறார்.

வக்கீல் குமாஸ்தா | செப்டம்பர் 18, இரவு 10.03

எதிர்பார்த்தேன்.

கோட்டைக்காரன் | செப்டம்பர் 20, மாலை 6.30

வாள் ஓடட்டும், கவசம் வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? கொம்பு வைத்த தலைக்கவசம், கைக்காப்பு, கேடயம் மூன்றும் செட்டாக ஒருவர் தருகிறேன் என்கிறார்.

பழைய இரும்பு | செப்டம்பர் 21, காலை 6.15

கொம்பு வைத்து, நெற்றியில் பூதமுகம் வைத்த குலா கூத் தலைக்கவசமா? அதே செட்டை 20 வருஷம் முன்னால் நானும் வாங்கினேன். மூன்று மாதச் சம்பளம். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தேன். தகடு பிஸ்கட் டின் கனம். வேட்டைக் காட்சியும் எழுத்தும் அமிலத்தில் அரித்தது, உளி பட்ட அடையாளமே இல்லை. கழுத்துக்குத் தொங்கும் வளையச் சல்லடையை விரலில் பிடித்து இழுத்தேன், ஒரு வளையம் வாயைத் திறந்துகொண்டது.

அங்கேதான் பாடம். அடியைத் தாங்கச் செய்த சங்கிலிக் கவசத்தில் வளையத்தின் இரண்டு முனையும் தட்டையாக்கி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, கடுகுக்கும் சின்ன ஆணி அடித்திருப்பார்கள். நம் நாட்டு வேலையில் ஒரு வரிசை ஆணி அடித்த வளையம், அடுத்த வரிசை மூட்டே இல்லாத வளையம் என்று மாறி மாறி வருவதும் உண்டு. முனைகளைச் சும்மா நெருக்கி வைத்திருந்தால் அது காட்சிக்குச் செய்தது. 19-ஆம் நூற்றாண்டில் காஜார் கால ஈரானில் விழாவுக்கும் வீட்டுச் சுவருக்கும் இப்படிச் செட் செட்டாகச் செய்தார்கள். அதுவும் இப்போது பழம்பொருள்தான், அழகும் உண்டு. அந்த விலைக்கு வாங்குங்கள், ஷா அப்பாஸ் வம்சமான ஸஃபவி காலத்து விலைக்கு வேண்டாம். எனக்கு விற்றவர்மேல் கோபமில்லை, அவரும் நம்பித்தான் விற்றிருப்பார். கொஞ்சம் கோபம் உண்டு.

பீளமேடு லேத் | அக்டோபர் 2, காலை 7.20

எல்லோரும் மன்னிக்கணும், ஒரு தப்பு நடந்துவிட்டது.

நேற்று ஆயுத பூஜை. பட்டறையில் லேத், டிரில்லிங் மெஷின், வெர்னியர், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். நான் மார்க்கெட் போய்த் திரும்புவதற்குள் அம்மா பீரோவிலிருந்து வாளை எடுத்து வந்து நடுவில் வைத்துவிட்டார். “ஆயுத பூஜைக்கு ஆயுதம் இல்லாமல் எப்படிடா?” பதில் சொல்ல முடியவில்லை. சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். அதோடு விடவில்லை. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழத்தை அந்த வாளாலேயே நறுக்கி, குங்குமம் தடவி வாசலில் வைத்திருக்கிறார். துடைக்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக்கூடாது.

இன்று காலை சாறு வழிந்த இடத்தில் அலகில் ஒரு சாம்பல் பட்டை, ஒரு விரல் அகலம். குங்குமம் இருந்த இடத்தில் துருப்புள்ளி இரண்டு. துடைத்தேன், பட்டை போகவில்லை. சாய்ந்த வெயிலில் பிடித்தால் பட்டைக்குள் மட்டும் ஏதோ கோடு கோடாக, தேக்குப் பலகையின் ரேகை மாதிரி ஓடுகிறது. படம் இணைத்திருக்கிறேன். கெடுத்துவிட்டோமா?

பழைய இரும்பு | அக்டோபர் 2, காலை 7.31

தம்பி, போனை எடுங்கள். தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன்.

காயல் மரைக்காயர் | அக்டோபர் 2, காலை 7.44

மாஷா அல்லாஹ். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் எல்லோரும்.

பலாங்கொடை | அக்டோபர் 2, காலை 8.10

அம்மாவுக்கு ஒரு கும்பிடு!

பழைய இரும்பு | அக்டோபர் 2, இரவு 8.00

போனில் பேசியதை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். அது ஜவ்ஹர். பஃபிங் வீல் மேலே தேய்த்து மறைத்ததை எலுமிச்சைச் சாறு லேசாக அரித்துக் காட்டிவிட்டது. சுற்றியிருக்கும் எஃகு கருக்க, கரி சேர்ந்த கார்பைடு வரிகள் அப்படியே வெள்ளையாக நிற்கின்றன. ஈரானில் இதே வேலைக்கு ஸாக் என்ற தாதுவைக் கரைத்துப் பூசினார்கள், இப்போது ஃபெர்ரிக் குளோரைடு. போலி நீரோட்டம் என்றால் அமிலத்தால் மேலே வரைந்தது, பாலிஷ் போட்டால் போய்விடும், பிறகு எலுமிச்சைக்குத் திரும்பி வராது. இன்று உதய்ப்பூரிலும் வஜீராபாதிலும் இரண்டு விதத் தகட்டை மடித்து அடிக்கும் ‘டமாஸ்கஸ்’ வேறு விதம், பட்டை பட்டையாகத் தெளிவாகத் தெரியும். உங்களுடையதில் கோடு உடைந்து உடைந்து, சுழித்து, நூல் பிரிந்த மாதிரி போகிறது.

அலகு முழுக்க அமிலம் பூசிப் பார்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு தடவை அரிக்கும்போதும் மேல்தோல் கொஞ்சம் போகும், தங்க எழுத்தின் ஓரமும் போகும். தெரியவேண்டியது ஒரு விரல் அகலத்தில் தெரிந்துவிட்டது. அம்மா போட்ட பட்டையைச் சமையல் சோடாக் கரைசலில் துடைத்து, உடனே காயவைத்து, மெல்லியதாக மினரல் ஆயில். தேங்காய் எண்ணெய் தொடவே கூடாது, பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். துருப்புள்ளிக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மெதுவாக நெருடுங்கள். உப்புத்தாள் வேண்டாம்.

எழும்பூர் நடை | அக்டோபர் 3, காலை 10.15

அப்படியானால் அஸதுல்லா?

பீளமேடு லேத் | அக்டோபர் 3, இரவு 11.10

லென்ஸ் வைத்துப் பார்த்தேன் சார். ‘லாம்’ எழுத்தின் கால் தேய்ந்த இடத்தில் பள்ளம் இல்லை. பாய் முடைந்த மாதிரி கீறல்தான், அண்ணன் சொன்னது அப்படியே. இன்னொன்றும் பார்த்தேன். கட்டத்தின் ஓரத்தில் தங்கத்துக்குக் கீழே பழைய துருக்குழி ஒன்று இருக்கிறது, தங்கம் அதற்குள் இறங்கி ஒட்டியிருக்கிறது. குழி விழுந்த பிறகுதானே தங்கம் வந்திருக்கும்?

பழைய இரும்பு | அக்டோபர் 4, காலை 6.05

ஆமாம். நல்ல கண் உங்களுக்கு. அலகு பழசு, நல்ல உருக்கு. 18-ஆம் நூற்றாண்டு என்று நான் சொல்வேன், இந்தியாவில் அடித்ததா ஈரானிலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். துரு பிடித்துக் கிடந்ததை எடுத்துச் சுத்தம் செய்து, பின்னால் யாரோ அஸதுல்லா ஆக்கியிருக்கிறார்கள். கடைக்காரர் பொய்க்கு 85,000 வாங்கினார், உண்மைக்கும் கிட்டத்தட்ட அதுவே விலை. 2023-இல் திப்புவின் படுக்கையறை வாள் லண்டன் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது, அந்தக் கணக்கெல்லாம் ஆளின் பெயருக்கு. நம்முடையது இரும்பின் கணக்கு.

பிடியைக் கழற்றிப் பார்க்க ஆசை வரும். உள்ளே அரக்கு ஊற்றி இறுக்கியிருக்கும், சூடு காட்டினால்தான் வரும், அந்தச் சூடு அலகுக்கும் ஏறும். விட்டுவிடுங்கள். தோல் உறையில் நிரந்தரமாக வைக்காதீர்கள், தோலில் இருக்கும் துவர்ப்பு அலகைத் தின்னும்.

பீளமேடு லேத் | அக்டோபர் 4, இரவு 9.30

சரி அண்ணே. பட்டையை அழிக்காமல் எண்ணெய் மட்டும் போட்டு, பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். விலையையும் வீட்டில் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சாப்பாடு கொஞ்சம் அமைதியாக நடக்கிறது.

அம்மாவிடம் அடுத்த வருஷம் எலுமிச்சம்பழத்துக்கு அரிவாள்மனை போதும் என்று சொன்னேன். “உன் வாளுக்குள் இருந்ததைக் கண்டுபிடித்தது யாருடா?” என்கிறார்.

மஸ்கட் சாரதி | அக்டோபர் 4, இரவு 9.52

மாமனார் வீட்டுக் கஞ்சருக்கும் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஊருக்குப் போகும்போது, அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து.